நத்தைக்குத் தண்ணீர் தெளித்த நாள்

பயிர்ப் பாதுகாப்பு வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும் இதை எழுதுகிறேன். போன வாரம் உங்களில் இரண்டு பேர் வீட்டுக்கு வந்திருந்தீர்கள். பயிற்சி வகுப்பில் ஒரு கேள்வி கொடுத்திருக்கிறார்கள் என்றீர்கள். நில நத்தையையும் கீரியையும் உயிரினங்களாக வைத்து ஒப்பிட வேண்டுமாம். "நத்தை எங்க, கீரி எங்க? ரெண்டையும் எதுக்குய்யா ஒரே கயித்துல கட்டுறாங்க?" என்று சொல்லிச் சிரித்தீர்கள். நான் சிரிக்கவில்லை. காப்பி கொடுத்து, மழைக்கு முன்னால் கிளம்புங்கள் என்று அனுப்பிவிட்டேன். சொல்ல வேண்டியது நிறைய இருந்தது, வாய்தான் வரவில்லை. அதனால்தான் இப்போது பேனாவை எடுத்திருக்கிறேன்.

அந்தக் கேள்விக்கு நான் ஒருமுறை விடை கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. ஜப்பான்காரன் காலத்தில். தப்பாகக் கண்டுபிடித்திருந்தால் எனக்கு மார்க் குறைந்திருக்காது. கோவிந்தன் என்ற ஒரு மனிதன் சயாமுக்குப் போயிருப்பான்.

கெடாவில், சிடாம் கிரி பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டம். அதன் பெயர் வேண்டாம், இப்போது அங்கே வீடுகள் வந்துவிட்டன. சண்டை நெருங்கியதும் வெள்ளைக்காரத் துரை ஒரு விடியற்காலையில் காரில் நாயை ஏற்றிக்கொண்டு தெற்கே போய்விட்டார். சமையல்காரரிடம்கூடச் சொல்லவில்லை. அதன் பிறகு ரப்பருக்குக் கேட்பாரில்லை. ஆற்றோரத்தில் இருந்த கிழட்டு மரங்களை வெட்டிச் சாய்த்துக் காய்கறி போடச் சொல்லி ஜப்பான்காரர்களிடமிருந்து உத்தரவு வந்தது. கீரை, பயற்றங்காய், வள்ளிக்கிழங்கு எல்லாம் சுங்கைப் பட்டாணியில் இருந்த அவர்களுடைய முகாமுக்குப் போகும். புல்வெட்டு கேங்குக்கு மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்த என்னைத் தூக்கி அந்தக் காய்கறிக் காட்டுக்குப் பொறுப்பாகப் போட்டார் பெரிய கிராணி.

பெரிய கிராணி என்றால் தோட்டத்து ஆபீஸின் தலைமைக் குமாஸ்தா. துரை போன பிறகு தோட்டமே அவர் தலையில்தான் நின்றது. பெயரைச் சொன்னால் அவருக்குப் பிடிக்காது, அதனால் சொல்லவில்லை. பினாங்கில் படித்தவர். கஞ்சி போட்டுத் தேய்க்க வழியில்லாத நாளிலும் கோட்டு இல்லாமல் வெளியே வரமாட்டார். பப்பாளி இலையைச் சுருட்டிப் புகைத்துவிட்டு, "இதுவும் ஒரு சுருட்டு, நானும் ஒரு கிராணி" என்று இருமுவார். அவரிடம் திட்டு வாங்காத நாளில் எனக்குச் சோறு இறங்காது. சோறு என்பது பேச்சுக்குத்தான். தட்டில் இருந்தது மரவள்ளிக்கிழங்கு.

அந்த நாட்களை நினைத்தால் பசிதான் முதலில் நினைவுக்கு வர வேண்டும். எனக்கென்னவோ சிரிப்புத்தான் வருகிறது. காலையில் காட்டுக்குள் இறங்கினால் ஆளுக்கு ஆள் கேலி. இன்றைக்கு என்ன குழம்பு என்று ஒருத்தி கேட்பாள், கோழிக்குழம்பு என்று மற்றவள் சொல்வாள், கோழி எங்கே என்றால் பக்கத்து லயத்து வீட்டு வாசலில் மேய்கிறது என்பாள். வெறும் கிழங்கைத் தின்றுவிட்டு இப்படிப் பேசிச் சிரித்த கூட்டத்தை நான் அப்புறம் எங்கேயும் பார்க்கவில்லை. பிற்பாடு சம்பளம் வந்தது, சைக்கிள் வந்தது, அந்தச் சிரிப்பு மட்டும் வரவில்லை.

காய்கறிக் காட்டில் எல்லோரும் விழுந்தடித்து வேலை செய்ததற்குக் காரணம் உண்டு. சயாமில் ரயில் பாதை போடத் தோட்டம் தோட்டமாக ஆள் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நல்ல கூலி, அரிசிச் சோறு, சீக்கிரம் திரும்பிவிடலாம் என்றுதான் முதலில் சொன்னார்கள். போனவர்களிடமிருந்து ஒரு சேதி வரவில்லை. பிறகு யாரும் தானாக ஏறவில்லை, பிடித்து ஏற்றினார்கள். முகாமுக்குச் சாப்பாடு விளைவிக்கிற ஆட்களை மட்டும் விட்டுவைத்தார்கள். அதனால் எங்களுக்கு ஒவ்வொரு கீரைப் பாத்தியும் சயாமிலிருந்து காப்பாற்றிய ஒரு ஆள்.

அந்தக் காட்டுக்குள்தான் நத்தை வந்தது. வயல் நத்தை இல்லை. கை அகலத்துக்கு, கூம்பு ஓட்டோடு இருக்குமே, மலாய்க்காரர்கள் சிப்புட் பாபி என்பார்களே, அது. மழை விட்ட ஒரு காலையில் பயற்றங்கொடி நாற்றெல்லாம் மொட்டைக் குச்சியாக நின்றது. மண்ணில் பளபளவென்று கோடு கோடாகச் சளி. முதலில் கேலி பேசினோம். நாலைந்து காலை அப்படியே விடிந்தபோது பேச்சு நின்றுவிட்டது.

கோவிந்தனும் அவன் மனைவி செல்லம்மாவும் கடைசிப் பாத்திகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் அதிகம் பேசமாட்டான், இரண்டு பேருக்கும் சேர்த்து அவள் பேசுவாள். அவள் அப்போது ஆறு மாதக் கர்ப்பிணி. வயிற்றைத் தள்ளிக்கொண்டு குனிய முடியாமல், நின்றபடியே மண்வெட்டியால் நத்தையை நசுக்குவாள். ஒவ்வொன்றுக்கும் ஒரு வசவு. கோவிந்தனிடம் ஒரு கீரி இருந்தது. குட்டியாக லாலாங் புல் காட்டில் எடுத்து வளர்த்தது. லயத்துக் கோழிகளுக்கு முன்கூட்டியே தெரியட்டும் என்று கழுத்தில் சின்ன மணி கட்டியிருந்தான், அதனால் அதற்குப் பெயரே மணி. பால் மரக் காட்டில் பாம்புக்குப் பயந்து வேலை செய்கிற ஜனங்களுக்குக் கீரியைக் கண்டாலே ஒரு தைரியம். அதன் முகத்தில் விழித்தால் அன்றைக்கு நல்லது நடக்கும் என்பார்கள். மணியைப் பார்த்துவிட்டுத்தான் பாதிப் பேர் காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்கே வருவார்கள்.

நத்தைத் தொல்லைக்கு மணியைக் கொண்டுவந்தவர் பெரிய கிராணிதான். ஒரு நாள் மதியம் ஒரு நத்தையை அதன் முன்னால் உருட்டிவிட்டார். மணி மோந்து பார்த்தது. முன்னங்காலால் பிடித்து, திரும்பி நின்று, பின்னங்கால்களுக்கு நடுவே கல்லைப் பார்த்து ஒரே வீச்சு. ஓடு சிதறியது. கறியைத் தின்றுவிட்டு மீசையைத் துடைத்துக்கொண்டது. கூட்டம் கைதட்டியது. பெரிய கிராணி கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, "பாத்தியா? நூறு ஆள் செய்யற வேலையை இது ஒண்ணு செய்யும்" என்றார்.

முகாமிலிருந்து காய்கறி பார்க்க வருகிற அதிகாரியை நாங்கள் ஜப்பான் துரை என்போம். குட்டையான ஆள், கண்ணாடி போட்டவர், உடைந்த மலாயில் பேசுவார். அவருக்கு முன்னாலும் மணி அந்த வித்தையைக் காட்டியது. அவர் குழந்தை மாதிரி சிரித்தார். அடுத்த முறை வரும்போது அதற்கென்று கருவாடு கொண்டுவந்தார். எங்களுக்கு ஒரு துண்டு கிடைக்கவில்லை என்பது வேறு விஷயம். கீரி இருக்கிறது, இனி நத்தை இருக்காது, கீரை நிறைய வர வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

கீரை வரவில்லை. மணி காடு முழுவதும் சுற்றியது. வெட்டுக்கிளி பிடித்தது, ஓணான் பிடித்தது, யாருடைய வாத்துக் குஞ்சையோ பிடித்து வம்பு இழுத்து வந்தது. நத்தை மட்டும் குறையவே இல்லை. காலையில் பார்த்தால் அதே சளிக் கோடு.

ஒரு நாள் நடுப்பகலில் பெரிய கிராணியும் நானும் ஒரு சாய்ந்த மரத்தில் உட்கார்ந்து மணியையே பார்த்துக்கொண்டிருந்தோம். வெயில் ஏற ஏற அது சுறுசுறுப்பாக ஓடியது. அதன் மூக்குக்கு எட்டுகிற இடத்தில் ஒரு நத்தைகூட இல்லை. இருட்டுகிற நேரத்தில் மணி கோவிந்தன் வீட்டுக்குப் போய்ச் சுருண்டு படுத்துவிடும். அதன் பிறகுதான் நத்தை புறப்படும். பெரிய கிராணி ஒரு பப்பாளி இலையைச் சுருட்டிப் பற்றவைத்தார். பிறகு, "தம்பி, நான் அதோட பல்லைப் பாத்தேன். அது எப்ப முழிச்சிருக்கும்னு பாக்கல" என்றார். தன்னைவிட இளையவன் முன்னால் அவர் அதைச் சொன்ன விதம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. எனக்கு அவர் மேல் இருந்த மரியாதை அன்றைக்குத்தான் பாசமாக மாறியது.

"சரி, இப்ப ஒழுங்காப் பாப்போம்" என்று சொல்லி, ஒவ்வொன்றாகக் கேட்க ஆரம்பித்தார். நான் கண்ணால் பார்த்ததைச் சொன்னேன். நீங்கள் கேட்ட ஒப்பீடு அதுதான், ஆகவே கவனியுங்கள். கீரி பகலுக்குப் பிறந்தது, நத்தை இரவுக்கும் ஈரத்துக்கும் பிறந்தது. கீரி இரண்டு மூன்று குட்டி போட்டு, பால் கொடுத்து, கூடவே வைத்து வேட்டை பழக்கும். நத்தையில் ஆண் பெண் என்று தனித்தனியாக இல்லை, ஒவ்வொன்றும் இரண்டுமாக இருக்கும். ஆகவே எதை விட்டாலும் அது முட்டை போடும். நூற்றுக்கணக்கில் மண்ணுக்குள் இட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விடும். கீரிக்குச் சூடான இரத்தம், தினமும் தின்றே ஆக வேண்டும். இங்கே இல்லையென்றால் வேறு இடம் பார்த்து ஓடும். நத்தைக்கு ஓட வழியில்லை. அதனால் அது காத்திருக்கும். எவ்வளவு நாள் வேண்டுமானாலும் காத்திருக்கும். கீரியை நம்பலாமா என்று கேட்டால், அதற்குப் பசிக்கிற வரைக்கும் நம்பலாம். நத்தையிடம் அந்தக் கேள்வியே எழாது.

இதைப் பேசி முடித்ததும் வழி தானாகத் தெரிந்தது. இரவில் நாங்கள் வெளியே நடமாடக் கூடாது என்று உத்தரவு. நத்தையிடம் நாங்கள் போக முடியாது. ஆனால் பகலில் அது எங்கே படுக்க வேண்டும் என்பதை நாங்கள் தீர்மானிக்கலாம். வாழைத் தண்டைப் பிளந்து, பாத்திக்குப் பாத்தி குப்புறப் போட்டோம். குளுமைக்காக அதற்கடியில் வந்து அடைந்தன. காலையில் தண்டைப் புரட்டினால் கொத்துக் கொத்தாக இருக்கும். பொறுக்கிக் கூடையில் போட வேண்டியதுதான். கீரை தழைத்தது.

பாத்திக்கு இத்தனை ஆள் எதற்கு என்று முகாமில் கேட்டிருந்ததால், நத்தை பொறுக்கத் தனி ஆள் வேண்டும் என்று பெரிய கிராணி ஜப்பான் துரையிடம் கேட்டு வாங்கினார். அப்படி நத்தை பொறுக்கும் ஆளாகக் கணக்கில் வந்தவர்களில் கோவிந்தன் ஒருவன். துரை ஒப்புக்கொண்டார். போகிற போக்கில் ஒன்று சொன்னார். நத்தை இருக்கிற வரைக்கும் இவர்கள் இங்கே. சிப்புட் ஹபிஸ், நத்தை தீர்ந்தது என்றால், சயாம்.

அப்போது மழைக்காலம். நத்தை தீரும் என்று யார் நினைத்தார்கள்?

கெடாவில் தை பிறந்தால் மழை நின்று வானம் பூட்டிக்கொள்ளும் என்பது உங்களுக்குத் தெரியும். ரப்பர் இலை சிவந்து, உதிர்ந்து, நடந்தால் சரசரவென்று சத்தம் கேட்கும். எனக்கு இன்றைக்கும் வருஷத்தில் அதுதான் பிடித்த பருவம். அந்த வருஷம் மட்டும் அந்த இலைச் சத்தம் பிடிக்கவில்லை. வாழைத் தண்டைப் புரட்டினால் அடியில் எறும்புதான் இருந்தது. ஒரு நத்தைகூட இல்லை.

செல்லம்மா ஒரு காலையில் வெறுங்கூடையோடு என் முன்னால் வந்து நின்றாள். எப்போதும் கலகலவென்று பேசுகிறவள், குரல் எழும்பாமல் பேசினாள்.

"அண்ணே, நத்தையக் காணோம்ணே."

"மழை வந்தா வந்துடும்மா."

"மழை வர்ற வரைக்கும் தொரை வராம இருப்பாராண்ணே? இவரக் கொண்டுபோயிட்டா நான் என்னண்ணே பண்ணுவேன்? புள்ள மூஞ்சியக்கூட பாக்காம போயிடுவாரேண்ணே."

போன மாதம் வரை நத்தையைக் கண்டால் ஏழு தலைமுறைக்கும் சேர்த்துத் திட்டியவள் அவள். இப்போது நத்தையைக் காணோம் என்று அழுதாள்.  

அன்று மாலையே முகாமிலிருந்து ஆள் வந்து, மறுநாள் துரை வருகிறார் என்று சொன்னான். ஆள் எடுக்க லாரியும் பின்னால் வரப்போகிறதாம். பெரிய கிராணி என்னை ஆபீஸுக்குக் கூப்பிட்டு அனுப்பினார். கதவைச் சாத்திவிட்டு, "நத்தை செத்துப்போச்சா, தூங்குதா?" என்று கேட்டார். வேறு எதுவும் கேட்கவில்லை.

அந்தக் கேள்வி என்னைப் பிடித்து உலுக்கியது. நாங்கள் முன்பே பேசி வைத்ததுதானே? கீரியைக் காணோம் என்றால் அது ஓடிப்போயிருக்கும். நத்தையைக் காணோம் என்றால் அது அங்கேயேதான் எங்கோ இருக்கும், காத்திருக்கும். வெளிச்சம் வந்ததும் கோவிந்தனைக் கூட்டிக்கொண்டு தேடினேன். சாய்த்த மரங்களின் வேர்ப் பொந்திலும், ரப்பர் ஷீட்டுக்குப் புகை போடுகிற பழைய கொட்டகையின் சுவர் இடுக்கிலும் இருந்தன. ஓட்டின் வாயை வெள்ளையாக ஒரு தோல் போட்டு அடைத்துக்கொண்டு, கல் மாதிரி கிடந்தன. இரண்டு கூடை தேறியது. ஆற்றோரத்துப் பயற்றங்காய்ப் பாத்தியில், மரவள்ளி நிழல் விழுகிற பக்கமாக அவற்றை வைத்து, நனைத்த சாக்கைப் போட்டு மூடி, மேலே தண்ணீர் தெளித்தோம். நத்தையைக் கொல்வதற்காக வேலைக்கு வைத்த ஆட்கள் நாங்கள். கைக்குழந்தையைக் குளிப்பாட்டுகிற மாதிரி தெளித்துக்கொண்டிருந்தோம்.

ஒன்றும் அசையவில்லை. கோவிந்தனால் பொறுக்க முடியவில்லை. ஒன்றை எடுத்து நகத்தால் அந்தத் தோலைக் கிழிக்கப் போனான்.

"கிழிக்காதடா. கிழிச்சா இன்னும் உள்ள போயிடும்" என்றேன்.

"நேரம் இல்லண்ணே."

"நமக்குத்தான் இல்ல. அதுக்கு இருக்கு."

அவனைத் தடுத்துவிட்டேனே தவிர எனக்கும் பொறுக்கவில்லை. ஒரு வாளித் தண்ணீரை அப்படியே கவிழ்த்தால் என்ன, சாக்கைத் தூக்கிவிட்டு வெளிச்சத்தில் வைத்தால் என்ன என்று கை பரபரத்தது. அந்தக் கையைக் கட்டிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்ததுதான் என் உத்தியோகத்தில் நான் செய்த கஷ்டமான வேலை. உங்களுக்கு இனிமேல் மருந்து அடிக்கக் கற்றுக்கொடுப்பார்கள், அளவு கற்றுக்கொடுப்பார்கள். எப்போது கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும் என்பதை நீங்களேதான் கற்றுக்கொள்ள வேண்டும்.

அதற்குள் செம்மண் சாலையில் கார் சத்தம் கேட்டது. துரை சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டார்.

நான் ஓடிப்போய்ப் பெரிய கிராணியிடம், "இன்னும் முழிக்கலய்யா" என்று சொன்னேன். அவர் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, காரிலிருந்து இறங்கிய துரைக்கு முதுகு வளையக் கும்பிடு போட்டார். கீரி தங்களைக் காணாமல் ஏங்கிப் போயிருக்கிறது, புது வித்தை ஒன்று பழகியிருக்கிறது, ஒரு நிமிஷம் நிழலில் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்று மலாயில் சொன்னார். எந்த வித்தையும் இல்லை என்பது எனக்குத் தெரியும். துரை கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

வித்தைக்கு முட்டை வேண்டும். அந்தப் பஞ்சத்தில் முட்டைக்கு எங்கே போவது? பெரிய கிராணி சுற்றிப் பார்த்தார். செல்லம்மா ஒன்றும் கேட்காமல் லயத்துக்குப் போனாள். திரும்பி வரும்போது முந்தானையில் முட்டைகள் இருந்தன. பேறுகாலத்துக்கென்று ஒவ்வொன்றாகச் சேர்த்து, அடுப்புச் சாம்பலில் பொதிந்து வைத்திருந்தவை. முதல் முட்டையை மணி பின்னங்கால்களுக்கு நடுவே கல்லில் அடித்து உடைத்து நக்கியது. துரை விழுந்து விழுந்து சிரித்தார். "லாகி, லாகி" என்றார். இன்னொன்று. அதற்குப் பிறகும் இன்னொன்று. அவள் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவில்லை. கடைசி முட்டையும் போன பிறகு முந்தானையை உதறிக் காட்டினாள்.

துரை எழுந்து காட்டைப் பார்த்து நடந்தார். மணியும் பின்னாலேயே கிளம்பிவிட்டது. கருவாடு கொடுத்த கையை அது மறக்குமா? வேறொரு நாளாக இருந்தால் சிரித்திருப்போம். நத்தைகள் முழித்திருந்து இந்தக் கீரி முதலில் போய்ச் சேர்ந்தால் துரை கண் முன்னாலேயே எல்லாம் காலியாகும். கோவிந்தன் பாய்ந்து அதைத் தூக்கிச் சட்டைக்குள் போட்டுக்கொண்டான். அது கடித்தது. அவன் கையிலிருந்து இரத்தம் வழிந்தது. துரை திரும்பிப் பார்த்தபோது, சட்டைக்குள் கீரி புரண்டுகொண்டிருக்க, தலை குனிந்து கும்பிட்டபடி நின்றான். முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை.

நான் முன்னால் போய்ச் சாக்கை எடுக்க வேண்டும்.  தூக்கினேன்.

முழித்திருந்தன. ஒன்று இரண்டு இல்லை, பாத்தி முழுவதும் கொம்பை நீட்டிக்கொண்டு, பயற்றங்கொடிமேல் ஏறத் தொடங்கியிருந்தன. சில தின்னவே ஆரம்பித்துவிட்டன. எத்தனை நாள் பட்டினியோ. எனக்கு அந்த இடத்திலேயே விழுந்து கும்பிட வேண்டும்போல இருந்தது. என் வாழ்க்கையில் எந்தச் சாமியையும் அப்படிப் பார்த்து நான் சந்தோஷப்பட்டதில்லை.

துரை குனிந்து ஒன்றை எடுத்தார். கை முழுக்கச் சளி. அருவருப்போடு வீசி எறிந்தார். "மாசே பாஞாக்!" என்று கத்தினார், இன்னும் இவ்வளவு இருக்கிறதா என்று. பொறுப்பாளி யார் என்று கேட்டார். நான் ஒரு அடி முன்னால் வந்தேன். கன்னத்தில் ஒரு அறை விட்டார். காது கொஞ்ச நேரம் கேட்கவில்லை. நத்தை பொறுக்கும் ஆட்களில் ஒருவனைக்கூட அசைக்கக் கூடாது, ஒழுங்காக வேலை வாங்கு என்று சொல்லிவிட்டுக் காருக்குப் போனார்.

அந்தக் காலத்தில் அறை வாங்காத மேற்பார்வையாளன் கிடையாது. நான் வாங்கியதில் இனித்தது இந்த ஒன்றுதான். பெரிய கிராணி பக்கத்தில் வந்து, என் கன்னத்தை ஒரு விரலால் திருப்பிப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் பதிஞ்சிருக்கு, முத்திரை மாதிரி" என்றார். எல்லோரும் சிரித்தோம். செல்லம்மா மட்டும் சிரிக்கவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெல்லக் குனிந்து, துரை வீசி எறிந்த அந்த நத்தையைத் தேடி எடுத்து, மற்றவற்றோடு நிழலில் விட்டாள். திட்டவில்லை.

அன்றிலிருந்து மழை வரும்வரை ஒரு கூடை நத்தையை ஈரம் போகச் சாம்பல் தூவித் தூங்கவைத்து வளர்த்தோம். கார் வருகிறது என்றால் தண்ணீர் தெளிப்போம். அது வேலை செய்தது. இதையெல்லாம் உங்கள் விடைத்தாளில் எழுதாதீர்கள், மார்க் போடமாட்டார்கள். கீரி பாலூட்டி, நத்தை மெல்லுடலி என்று எழுதுங்கள். காட்டில் வேலைக்கு இறங்கிய பிறகு மட்டும் இதை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு பூச்சியை ஒழிக்கப் போகும்போது, அது இல்லாமல் போனால் யாருக்கு என்ன ஆகும் என்று ஒருமுறை அக்கம்பக்கம் பாருங்கள். நான் அதற்குப் பிறகு ஓய்வு பெறும்வரை நத்தையைக் கொன்றுதான் சம்பளம் வாங்கினேன். பார்க்காமல் கொன்றதில்லை.

அந்த வாரமே லாரி வந்தது. எங்கள் காட்டுக்குள் வரவில்லை. தோட்டத்தின் கீழ் டிவிஷனுக்குப் போய் ஆட்களை ஏற்றிக்கொண்டு, எங்கள் வேலியோரமாகத் திரும்பியது. நாங்கள் மண்வெட்டியோடு நின்றோம். லாரியில் நின்றவர்களைப் பார்த்தோம், அவர்களும் எங்களைப் பார்த்தார்கள். ஒருவன் கையை ஆட்டினான். புழுதி அடங்க வெகுநேரம் ஆயிற்று.

கோவிந்தன் கையில் கட்டுத் துணியோடு என் பக்கத்தில் நின்றிருந்தான். மூன்று நாளுக்கு முன்னால் அவனுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்திருந்தது. சாலையைப் பார்த்தபடியே கேட்டான்.

"அண்ணே, எனக்கு வெச்சிருந்த எடத்துல யாருண்ணே ஏறுனது?"

"யாரும் ஏறலடா. லாரி காலியாத்தான் போகுது" என்றேன்.

அவனும் என்னோடு நின்று பார்த்தவன்தான். என்னை ஒருமுறை திரும்பிப் பார்த்தான். பிறகு, "ஆமாண்ணே, காலியாத்தான் போகுது" என்று சொல்லிவிட்டு, பாத்திக்குள் இறங்கி வாழைத் தண்டைப் புரட்டினான்.